தரை டிக்கெட் விளையாட்டுகளும் பால்கனி விமர்சகர்களும்

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் காலனிச் சமுதாயக் கூடத் திண்ணையில் ஐந்தாறு பையன்கள் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் திண்ணையில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஒருவன் "வால் போடுறா, வால் போடுறா" என்று கத்த, இன்னொருவன் செத்துப்போய் சலித்துக்கொண்டு எழுந்தான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி அவன். என்ன விளையாடுகிறாய் என்று கேட்டேன்.

"ஃப்ரீ ஃபயர்தாண்ணா. டப்பா கேமு. சும்மா டைம் பாஸு. பிசி கிசி இருந்தா நல்ல கேமா ஆடலாம்."

கேட்காமலே மன்னிப்புக் கேட்பது போல இருந்தது அந்தப் பதில். அந்தத் தம்பி அந்த சீசனில் 'ஹீரோயிக்' தரவரிசையைத் தொட்டவன். அதற்கு எத்தனை நூறு ஆட்டங்கள் தேவை என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையில் இருந்தது திரை கீறல் விழுந்த, அக்காவிடமிருந்து கைமாறிய ஒரு போன். அதில் அவ்வளவு தூரம் போனவன், தான் ஆடுவது குப்பை என்று ஆய்வு மாணவனான அண்ணனிடம் முந்திக்கொண்டு ஒப்புக்கொள்கிறான். இந்தத் தீர்ப்பை அவனுக்கு யார் எழுதிக்கொடுத்தது?

நேரடியான பதில் யூடியூப். பிஜிஎம்ஐ ஆடுகிறவர்கள் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறவர்களைச் 'சின்னப் பசங்க', 'ஓட்டை போன்காரனுங்க' என்று கேலி செய்யும் வீடியோக்களை அவன் வருடக்கணக்காகப் பார்த்து வளர்ந்திருக்கிறான். ஆனால் அந்த பிஜிஎம்ஐ பையன்களையே 'மொபைலில் ஆடுகிறவன் எல்லாம் கேமரா' என்று கேட்க கணினிக்காரர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மேலே, எது கலை, எது வெறும் பொழுதுபோக்கு, எது குப்பை என்று பத்துக்கு எத்தனை மதிப்பெண் போட ஆங்கில விமர்சகர்கள் இருக்கிறார்கள். அவர்களின் எழுத்தை அந்தத் தம்பி ஒரு வரிகூடப் படித்ததில்லை. ஆனாலும் அது படிப்படியாக இறங்கி, எங்கள் திண்ணைவரை வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத கணக்கில்லை. ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று பார்க்கிறவர்களைத் தரம் பிரித்து, 'இது சி சென்டர் படம்' என்று ஒரே வரியில் படத்தையும் பார்த்தவர்களையும் சேர்த்து ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் இருந்தது, இன்னும் இருக்கிறது. கானாவை இரைச்சல் என்றும் பறையைச் சாவு மேளம் என்றும் சொன்னதும் இதே வாய்தான். வீடியோ கேம் உலகில் அந்த 'சி சென்டர்' என்ற சொல்லுக்கு இணையாக ஒரு சொல் உண்டு: 'கேஷுவல்'.

கேஷுவல் கேம் என்றால் சட்டென்று கற்றுக்கொள்ளக்கூடியது, நடுவில் விட்டுவிட்டு எழுந்து போகக்கூடியது, பெரிய கருவி எதுவும் தேவைப்படாதது என்று பொருள். வெறும் வடிவமைப்பு விவரம். ஆனால் விமர்சன எழுத்தில் அது ஆளைக் குறிக்கும் வசைச் சொல்லாக மாறியது. 'ஹார்ட்கோர்' ஆட்டக்காரர் அர்ப்பணிப்புள்ளவர். கேஷுவல் ஆட்டக்காரர் சோம்பேறி, ரசனை இல்லாதவர், பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண். டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2009-இல் 'எ கேஷுவல் ரெவல்யூஷன்' என்ற நூலில் இந்தச் சித்திரத்தைச் சோதித்துப் பார்த்தார். கேஷுவல் ஆட்டக்காரர்கள் என்று அழைக்கப்பட்டவர்கள் நிறைய நேரம் செலவிடுகிறார்கள், கடினமான கட்டங்களை விரும்புகிறார்கள், தோற்றாலும் விடுவதில்லை என்பதே அவர் கண்டது. வேறுபாடு அவர்களின் தீவிரத்தில் இல்லை. ஆட்டம் அவர்களின் வாழ்க்கையில் எவ்வளவு இடத்தைக் கேட்கிறது, இடையில் எழுந்து போக விடுகிறதா என்பதில் இருந்தது. குழந்தை அழுதால், குக்கர் விசில் அடித்தால், மேஸ்திரி கூப்பிட்டால் எழுந்துதான் ஆகவேண்டும் என்கிற வாழ்க்கைக்கு ஏற்ற வடிவம் அது. நாற்பது மணி நேரம் தடையில்லாமல் உட்கார முடிகிறவரின் ஓய்வை அளவுகோலாக வைத்துக்கொண்டு இந்த வடிவத்தை 'ஆழமற்றது' என்று சொல்வது எளிது.

2012-இல் வந்த கேண்டி க்ரஷ் சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்த கிங் நிறுவனத்தை ஆக்டிவிஷன் பிளிசார்ட் 2016-இல் ஏறத்தாழ 590 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. தொழில்துறைக்கு அதன் மதிப்பு தெரிந்திருந்தது. விமர்சகர்களுக்கோ அது பெரும்பாலும் ஒரு நகைச்சுவைத் துணுக்கு. என் அத்தை மூவாயிரம் கட்டங்களைத் தாண்டியவர். அவர் எந்த மிட்டாயை எதற்காகத் தொடாமல் விட்டுவைக்கிறார் என்று ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். நான்கு நகர்வுகள் தள்ளி யோசிக்கிறார். சதுரங்கத்தில் அதைச் செய்தால் அறிவு என்கிறோம்.

இன்னொரு கதை, வியட்நாமிலிருந்து. ஹனோயில் டோங் நுயென் என்ற இளைஞர் தனியாளாகச் செய்த 'ஃப்ளாப்பி பேர்ட்' 2013 மே மாதம் வெளியானது. 2014 தொடக்கத்தில் உலகம் முழுக்கப் பரவியது. விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று அவர் சொன்னார். உடனே பெரிய அமெரிக்க கேமிங் இதழான கோட்டாக்கு, திருடிய ஓவியத்தில் சம்பாதிக்கிறார் என்ற பொருள்படத் தலைப்பிட்டது. பச்சைக் குழாய்கள் மாரியோ விளையாட்டின் குழாய்களைப் போல இருந்தனவாம். பிறகு தலைப்பை மாற்றினார்கள், ஆசிரியர் மன்னிப்பும் கேட்டார். அதற்குள் அந்த இளைஞர்மீது வசைகள் குவிந்துவிட்டன. பிப்ரவரி 2014-இல் அவரே விளையாட்டை எடுத்துவிட்டார். மக்கள் அதற்கு அடிமையாவது மனத்தை உறுத்துகிறது என்று காரணம் சொன்னார். வருமானம் கொட்டும் பொருளை, அடிமைப்படுத்துகிறது என்பதற்காகத் தானாக நிறுத்திய பெரிய நிறுவனம் எதையும் நான் பார்த்ததில்லை. அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளம் படைப்பாளிகள் பழைய நின்டெண்டோ தோற்றத்தை எடுத்தாண்டபோது விமர்சகர்கள் அதை 'அஞ்சலி' என்று எழுதினார்கள். ஹனோய்க்காரர் செய்தால் திருட்டு.

இங்கே எதிர்த்தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் பிளிசார்ட் தன் ரசிகர் மாநாட்டில் 'டயப்லோ இம்மார்ட்டல்' என்ற மொபைல் விளையாட்டை அறிவித்தபோது கூட்டம் ஊளையிட்டது. ஒருவர் எழுந்து இது ஏப்ரல் முட்டாள்தின வேடிக்கையா என்று கேட்டார். உங்களிடம் போன் இல்லையா என்று மேடையில் இருந்தவர் திருப்பிக் கேட்டது உலகக் கேலிப் பொருளானது. அன்று அந்த விளையாட்டை யாருமே முழுதாக ஆடியிருக்கவில்லை. 'போன்' என்ற சொல் போதுமானதாக இருந்தது. ஆனால் 2022 ஜூனில் அது வெளியானபோது எழுந்த கோபம் வேறு ரகம். உயர்ந்த ரத்தினக் கற்களைப் பெற ஆட்டக்காரர்கள் சூதாட்டத்தைப் போலத் திரும்பத் திரும்பப் பணம் கொட்டவேண்டிய அமைப்பு அதில் இருந்தது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அதை வெளியிடவே இல்லை. மெட்டாக்ரிட்டிக் தளத்தில் ஆட்டக்காரர்கள் பத்துக்கு ஒன்றுகூடத் தரவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. 2018-இன் ஏளனமும் 2022-இன் கோபமும் ஒன்றல்ல. ஆனால் பிறகு எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, 'பார்த்தீர்களா, மொபைல் என்றாலே இப்படித்தான்' என்று முடித்துவிட்டார்கள்.

மொபைல் என்றாலே இப்படித்தானா? 2017-இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' விற்பனைக்கு வந்தபோது லூட் பாக்ஸ் கொள்ளைக்கு எதிராகப் பெரிய கலகம் நடந்ததே, அது கன்சோலுக்கும் கணினிக்கும் வந்த முழு விலை விளையாட்டு. கால்பந்து விளையாட்டுகளில் சீட்டுப் பொட்டலம் விற்றுச் சிறுவர்களைச் சுரண்டுவது வருடா வருடம் நடந்தது. அந்த விமர்சனங்களில் ஆட்ட நுட்பம் பத்துப் பத்தி வரும், பொட்டல வியாபாரம் கடைசியில் ஒரு பத்தி வரும். மொபைல் விளையாட்டுக்கு மட்டும் வியாபாரமே முழு விமர்சனம் ஆகிவிடுகிறது.

அப்படி ஆகும்போது எது விடுபடுகிறது என்று சொல்கிறேன்.

ஃப்ரீ ஃபயர் 2017-இல் வந்தது. வியட்நாமின் 111டாட்ஸ் ஸ்டுடியோ செய்தது, சிங்கப்பூரின் கரீனா வெளியிட்டது. கூகுள் பிளேயில் 100 கோடி பதிவிறக்கங்களைத் தாண்டிய முதல் மொபைல் பேட்டில் ராயல் அது, 2021-இல் தாண்டியது. பப்ஜியில் நூறு பேர் இறங்கி அரை மணி நேரம் ஆடுவார்கள். இங்கே ஐம்பது பேர், பத்து நிமிடம். வரைபடம் சின்னது, உருவங்கள் எளிமையானவை. மலிவான போனில் ஓடவேண்டும், விட்டுவிட்டு வரும் சிக்னலில் முடிய வேண்டும் என்று யோசித்துச் செய்த முடிவுகள் இவை. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை குறைகள்.

இந்த விளையாட்டின் உயிர் 'குளூ வால்' என்ற பனிச்சுவர். மற்றச் சுடும் விளையாட்டுகளில் மரம், பாறை, சுவர் எங்கே இருக்கிறது என்று தேடி ஒளிய வேண்டும். இதில் மறைவிடத்தையே பையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். சுடுகிற சத்தம் கேட்ட நொடியில் வெட்டவெளியில் சுவர் எழுப்பலாம். எப்போது போடுவது, எந்தக் கோணத்தில் போடுவது, போட்ட சுவரையே எதிரிக்கு எதிரான பொறியாக எப்படி மாற்றுவது என்பதில்தான் திறமை. அந்தத் தம்பி எனக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு மதியம் முழுவதும் செலவிட்டான். போன் சூடாகி வேகம் குறையும் என்பதால் முக்கால் நொடி முன்கூட்டியே பொத்தானை அழுத்தப் பழகியிருக்கிறான். "போன் லேட்டா எடுக்கும்ணா, நாமதான் முன்னாடி போவணும்" என்றான். கருவியின் குறையை உடம்பில் ஏற்றிக்கொண்டு ஆடும் இந்த நுணுக்கத்தை எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை. விமர்சகரின் போனில் அது நடக்கவே நடக்காது.

பிரேசிலில் இந்த விளையாட்டை 'ஏழைகளின் விளையாட்டு' என்றுதான் கேலி பேசினார்கள். அங்கேதான் 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் உலகத் தொடர் நடந்தது. தொழிலாளர்கள் உருவாக்கிய கால்பந்துக் கழகமான கொரிந்தியன்ஸின் அணி கோப்பையை வென்றது. ஃபவேலா குடியிருப்புகளின் அமைப்பு தன் இளைஞர்களுக்காக இந்த விளையாட்டில் போட்டித் தொடரே நடத்தியது. கேலிப் பெயரை அவர்கள் மறைக்கவில்லை, சட்டைமேல் குத்திக்கொண்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றின்படி 2017-18-இல் கணினி வைத்திருந்த கிராமப்புற வீடுகள் 4.4 சதவீதம், நகரத்தில் 23.4 சதவீதம். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய் விலையில் வந்தது. புதிய விளையாட்டு ஒன்று 4,999 ரூபாய். அதை ஆடப் பெரிய டிவி வேண்டும், நிலையான மின்சாரம் வேண்டும், யாரும் குறுக்கே வராத ஓர் அறை வேண்டும். நிலமும் சம்பளமும் தனி அறையும் இந்த நாட்டில் யாரிடம் தலைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆக, 'உண்மையான கேமர்' என்ற தகுதிக்கு நுழைவுத் தேர்வு ரசனையில் நடக்கவில்லை.

இதைப் 'பார்ப்பனியம்' என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நண்பர்கள் சிலர் அப்படித்தான் தலைப்பிடச் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. மெட்டாக்ரிட்டிக்கில் மதிப்பெண் போடும் லண்டன்காரருக்குச் சாதி தெரியாது. எல்லா ஏளனத்துக்கும் சாதியை உவமையாக்கினால் சாதி வெறும் உவமையாகிவிடும். அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு பார்வையை மட்டும்: ஒவ்வொரு படியில் இருப்பவரும் மேலே இருப்பவரோடு மோதாமல் கீழே இருப்பவரை இகழ்ந்து ஆறுதல் அடைகிறார். கணினிக்காரர் பிஜிஎம்ஐயை, பிஜிஎம்ஐ ஃப்ரீ ஃபயரை. ஒப்புமை அதோடு நிற்கட்டும். சாதி உவமையாக இல்லாமல் சாதியாகவே வரும் இடம் ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தத் தீர்ப்புகளின் விலை. 'குப்பை', 'போதை', 'சீரழிவு' என்று படித்தவர்கள் கூடிப் பேசிய ஒன்றின்மேல் அரசு கைவைக்கும்போது கேட்க ஆள் இருக்காது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி ஆடியதற்காகக் கல்லூரி மாணவர்கள் உட்பட இளைஞர்களைக் காவல்துறை கைது செய்தது. போனில் விளையாடியதற்குக் கைது! 2020 செப்டம்பரில் 118 செயலிகளோடு சேர்த்து பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. 2022 பிப்ரவரியில் 54 செயலிகளோடு ஃப்ரீ ஃபயர். இந்த இரண்டாவது தடையில் ஒரு விசித்திரம். ஃப்ரீ ஃபயர் போனது. அதன் கனமான, கூடுதல் கிராஃபிக்ஸ் கொண்ட வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் பிளே ஸ்டோரில் தொடர்ந்தது. ஓட்டை போனில் ஓடும் வடிவத்துக்குத் தடை, நல்ல போன் கேட்கும் வடிவத்துக்கு அனுமதி. தேசப் பாதுகாப்பில் இதற்கு என்ன விளக்கம் என்று எந்தத் தொலைக்காட்சி விவாதத்திலும் நான் கேட்டதில்லை. எங்கள் திண்ணையில் பையன்கள் எங்கிருந்தோ ஏபிகே கோப்பை இறக்கி ஏற்றிக்கொண்டார்கள். அதோடு என்னென்ன வந்து போனுக்குள் உட்கார்ந்ததோ.

சட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்பதுதான் பல காலமாக நீதிமன்றங்களின் கேள்வி. ரம்மி திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னது. குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்ததே என்று தமிழ்நாட்டு வழக்கில் 1996-இல் சொன்னது. கிளப்புகளில் உட்கார்ந்து பணம் கட்டியவர்களுக்குத் 'திறமை' என்ற சான்றிதழ் இவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்கிறது. திறமை, தகுதி என்ற சொற்கள் யாருக்கு எளிதில் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை இடஒதுக்கீட்டு விவாதங்களில் பார்த்துப் பழகியவர்கள் நாம்.

இப்போது சொல்லாமல் விட்ட இடம்.

அந்தத் தம்பியின் கணக்கில் தமிழ் ஆட்டக்காரர்களின் 'கில்டு' பட்டியலைப் பார்த்தேன். கில்டு என்றால் சேர்ந்து ஆடும் குழு. சாதிப் பட்டங்கள் வரிசையாக வந்தன. ஆங்கில எழுத்துகளுக்கு இடையில் புள்ளியும் வாளும் மகுடமும் செருகி எழுதிய, நமக்கு நன்றாகத் தெரிந்த அதே பட்டங்கள். சில கில்டுகளில் சேர விண்ணப்பித்தால் குரல்வழி உரையாடலில் 'ப்ரோ எந்த ஊரு?' என்பார்களாம். ஊர் சொன்னால் அடுத்த கேள்வி, 'எந்தத் தெரு?'

"நீ என்ன சொல்லுவ?"

"டவுன் பேரு சொல்லிடுவேண்ணா. தெரு கேட்டா நெட்டு போயிடுச்சுன்னு மைக்க ஆஃப் பண்ணிடுவேன்."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் சிரிக்கவில்லை. நாங்குநேரிக்குப் பிறகு, பள்ளிகளில் மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிறு உட்படப் பலவற்றை ஆராய்ந்து நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை தந்தது. போனுக்குள் கட்டியிருக்கும் கயிற்றை யார் பார்ப்பது? 'சின்னப் பசங்க விளையாட்டு' என்று ஒதுக்கி வைத்த இடத்தில் சாதி தன் கொடியை நட்டுவிட்டு வசதியாக உட்கார்ந்திருக்கிறது. பெண் குரல் கேட்டால் நடப்பது இன்னொரு தனிக் கட்டுரை. விமர்சகர்கள் தரை டிக்கெட் என்று திரும்பிப் பார்க்காத கொட்டகைக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்க்க யாருமே இல்லை. எண்பது ரூபாய்க்கு நூறு டைமண்ட் என்று பையன்களின் அம்மாக்களுடைய யூபிஐ கணக்கைக் கரைக்கும் நிறுவனத்துக்கும் அந்த இருட்டுதான் வசதி.

நம் பக்கத்திலும் தவறு இருக்கிறது. முற்போக்கு மேடைகளில் சினிமாவை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்துப் பேசுகிறோம். மொபைல் விளையாட்டு என்று வந்தால் 'ஏகாதிபத்தியச் சீரழிவு' என்று ஒரு வரியில் முடித்து, மேட்டுக்குடி விமர்சகர் போட்ட அதே சுழியத்தை வேறு பேனாவால் போடுகிறோம். ஒரு கருத்தரங்கில் இந்த விஷயத்தில் கட்டுரை வாசிக்க விண்ணப்பித்தேன். 'இன்னும் காத்திரமான தலைப்பு' ஒன்றை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன், அது எனக்கே அலுப்பாக இருந்தது.

எழுத வருகிற தோழர்களிடம் ஒரு சின்னக் கோரிக்கை. எந்த விளையாட்டைப் பற்றி எழுதினாலும் எந்தப் போனில் ஆடினீர்கள், எத்தனை மணி நேரம் ஆடினீர்கள், எவ்வளவு பணம் கட்டினீர்கள், குரல்வழியில் உங்களிடம் என்ன கேட்டார்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். என் கணக்கை நானே தொடங்கிவைக்கிறேன். நாலு வருடப் பழைய போன், ஏறத்தாழ அறுபது மணி நேரம், நூற்று அறுபது ரூபாய். தெரு இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் காலனி என்றே சொன்னேன், ஒரு முறை குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். தரவரிசை இன்னும் கோல்டைத் தாண்டவில்லை. சுவரை நான் எப்போதும் தாமதமாகவே போடுகிறேன் என்கிறான் தம்பி.